"பணம் போய்விட்டதா?" என்று எத்தனை முறை கேட்கலாம்?

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. அன்று நாடு முழுக்க யுபிஐ பல மணி நேரம் திணறியது. அதற்கு இரண்டரை வாரம் முன்பு, மார்ச் 26 அன்றும் இப்படித்தான் ஆயிற்று. கடை கடையாக "சர்வர் டவுன்" என்ற ஒரே பேச்சு. ஆனால் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ பிறகு ஆராய்ந்து கண்டுபிடித்த காரணம், என்னைப் போல் இந்தத் துறையில் இருப்பவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. மையத்தைத் திணறடித்தவை பணம் அனுப்பும் கோரிக்கைகள் அல்ல, "அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று?" என்று விசாரிக்கும் கோரிக்கைகள். சில வங்கிகளின் அமைப்புகள், எப்போதோ நடந்த பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, இந்தக் கேள்வியை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

நான் பணப் பரிமாற்ற மென்பொருளில் வேலை செய்கிறேன். பல கணினிகள் சேர்ந்து செய்யும் ஒரு வேலையில், "இவ்வளவு நேரத்துக்குள், இவ்வளவு நம்பகமாக" என்று ஒப்புக்கொண்ட தரத்தை எப்படிக் காப்பது என்பதுதான் அன்றாடப் பாடு. எஸ்எல்ஏ என்று சொல்லி ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் சேர்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும் சதவீதத்தைவிட, யார் எவ்வளவு நேரம் காத்திருப்பார், பதில் வராவிட்டால் எத்தனை முறை கேட்பார் என்ற இரண்டு விஷயங்கள்தான் நிஜத்தில் தரத்தைத் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். ஏப்ரல் 12 அதற்கு நாடறிந்த சாட்சி. அதனால் யுபிஐயை வைத்தே பேசுகிறேன்.

பத்து ரூபாய் அனுப்புகிறீர்கள். க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டதும், உங்கள் ஆப் தனக்குப் பின்னால் நிற்கும் வங்கியிடம் சொல்கிறது. அந்த வங்கி என்பிசிஐயின் ஸ்விட்ச்சிடம் சொல்கிறது. ஸ்விட்ச், பணம் பெறுபவரின் யுபிஐ முகவரி எந்தக் கணக்குக்கு உரியது என்று அவர் பக்கத்து ஆப்பின் வங்கியிடம் விசாரிக்கிறது. பிறகு உங்கள் கணக்கு இருக்கும் வங்கியிடம் பணத்தை எடுக்கச் சொல்கிறது. அது பின் நம்பரைச் சரிபார்த்து எடுக்கிறது. அடுத்து, பெறுபவரின் கணக்கு இருக்கும் வங்கியிடம் ஸ்விட்ச் வரவு வைக்கச் சொல்கிறது. கடைசியாக இரு பக்கத்துக்கும் செய்தி. இத்தனை கை மாறித்தான் உங்கள் திரையில் பச்சை டிக் விழுகிறது.

ஸ்விட்ச்சும் நான்கு வங்கிகளும் சேர்ந்த இந்த ஐந்து தரப்பில் ஒவ்வொன்றும் 99.9 சதவீதம் ஒழுங்காக வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் 30 நாள் மாதத்தில் ஒருவருக்கு 43 நிமிடம்தான் கோளாறு. ஆனால் ஐந்தும் வரிசையில் நின்றால் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 99.5 சதவீதம். மாதத்துக்கு மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். யாரும் தன் வாக்கை மீறவில்லை, மொத்தத்தில் வாக்கு உடைந்துவிட்டது. எஸ்எல்ஏ பேச உட்காரும் கூட்டங்களில் இந்தப் பெருக்கலை யாராவது ஒருவர் பலகையில் எழுதிக் காட்டினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இதுவரை சொன்னது கணக்கு. உண்மையான சிக்கல் மௌனத்தில் இருக்கிறது.

ஒரே கணினிக்குள் ஒரு வேலையைக் கூப்பிட்டால், அது முடியும், அல்லது பிழை சொல்லும். நெட்வொர்க்கின் மறுமுனையில் இருப்பவரைக் கூப்பிட்டால் மூன்றாவதாக ஒரு நிலை உண்டு: பதிலே வராது. உங்கள் கோரிக்கை அவரிடம் போய்ச் சேரவே இல்லையா, சேர்ந்தும் அவர் இன்னும் செய்யவில்லையா, செய்து முடித்து அவர் அனுப்பிய பதில் வழியில் தொலைந்ததா? இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். வாசிக்க மட்டும் கேட்டிருந்தால் கவலையில்லை, மறுபடி கேட்கலாம். கணக்கிலிருந்து பணத்தை எடுக்கச் சொல்லியிருந்தால், மறுபடி கேட்பதும் ஆபத்து, கேட்காமல் விடுவதும் ஆபத்து. அதனால்தான் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, "இந்த எண்ணுக்கு உரியது என்ன ஆயிற்று?" என்று விசாரிக்க ஒரு ஏபிஐ வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் செக் டிரான்ஸாக்ஷன். நியாயமான ஏற்பாடு. தேவையான ஏற்பாடும்கூட.

இப்போது ஒரு பெரிய வங்கி கொஞ்சம் மெதுவாகிறது என்று வையுங்கள். பதில் தெரியாத பரிவர்த்தனைகள் கூடுகின்றன. கூடக் கூட, விசாரிப்புகள் கூடுகின்றன. விசாரிப்புகளுக்கும் அதே ஸ்விட்ச்சும் அதே வங்கிகளும்தானே பதில் சொல்ல வேண்டும்? அதனால் மையம் மெதுவாகிறது. மெதுவாவதால் இன்னும் பல பரிவர்த்தனைகள் பதில் தெரியாமல் தொங்குகின்றன. அவற்றுக்கும் விசாரிப்பு. ஆரம்பத்தில் மெதுவான வங்கி இதற்குள் சரியாகிக்கூடப் போயிருக்கலாம். சுழற்சி மட்டும் நிற்காது, ஏனென்றால் இப்போது அதை ஓட்டுவது விசாரிப்புகளே. 2021இல் நேதன் பிரான்சனும் மூன்று ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை, தூண்டியது போன பிறகும் தன்னைத்தானே தக்கவைத்துக்கொள்ளும் இத்தகைய வீழ்ச்சிக்கு 'மெட்டாஸ்டேபிள்' என்று பெயர் வைத்தது. பாதிக்கப்பட்ட சர்வரைச் சரிசெய்தால் இது தீராது. கேட்பதை நிறுத்தினால்தான் தீரும்.

மறுமுயற்சியின் பெருக்கம் இன்னும் கொடியது. ஆப் மூன்று முறை முயல்கிறது. அதன் ஒவ்வொரு முயற்சிக்கும் வங்கியின் அமைப்பு மூன்று முறை முயல்கிறது. அதற்கும் கீழே இருப்பது மூன்று முறை. அடியில் இருப்பவர் தலையில் விழுவது 27. மூன்று அடுக்கிலும் எழுதியவர்கள் "சும்மா மூன்று தடவைதானே" என்று நல்லெண்ணத்தில் எழுதியிருப்பார்கள். ஏற்கெனவே மூச்சுவாங்கும் ஒரு சர்வர்மேல் 27 மடங்கு பாரம் விழும் நேரம், சரியாக அது தாங்கமுடியாத நேரம். மறுமுயற்சி எந்த அடுக்கின் பொறுப்பு என்பதை ஒரே ஒரு இடத்தில் வைத்து, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு தோல்வியை மேலே அனுப்பிவிட வேண்டும். எழுதுவதற்கு எளிது. வெவ்வேறு நிறுவனங்களை இதற்குச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் நாள்கணக்கில் பேச வேண்டும்.

ஏப்ரல் 12க்குப் பிறகு என்பிசிஐ என்ன செய்தது என்று பார்த்தால் இந்தப் பாடத்தை ஒவ்வொன்றாக எழுதி வைத்தது போல இருக்கும். முதல் விசாரிப்புக்கு முன் 90 விநாடி காத்திருக்க வேண்டும் என்று அப்போது சொன்னது. ஒரு பரிவர்த்தனைக்கு மூன்று முறைக்குமேல் கேட்கக் கூடாது. ஆட்டோபே போன்ற, ஆள் காத்து நிற்காத வேலைகளை நெரிசல் நேரத்தில், அதாவது காலை 10 முதல் மதியம் 1 வரையும் மாலை 5 முதல் இரவு 9.30 வரையும், செய்யக் கூடாது. 2025 ஆகஸ்ட் 1 முதல், ஓர் ஆப்பில் ஒருவர் ஒரு நாளைக்கு 50 முறைதான் பேலன்ஸ் பார்க்கலாம். இந்தக் கடைசி விதியைக் கேட்டு நிறையப் பேர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது மிகச் சரியான முடிவாகவே படுகிறது. பணம் அனுப்புவதும் இருப்பைப் பார்ப்பதும் ஒரே வழியில் போகும்போது, எது முந்த வேண்டும் என்று யாராவது தீர்மானித்தே ஆக வேண்டும். அதைவிட அழகான விதி ஒன்று என்பிசிஐயின் அந்தச் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது: பரிவர்த்தனை வெற்றியானதும் மீதமுள்ள இருப்பை வங்கியே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அனுப்பி முடித்த கையோடு பேலன்ஸ் பார்ப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அந்தக் கேள்வியைத் தடுப்பதைவிட, அது எழவே தேவையில்லாமல் செய்துவிட்டார்கள். சேவைத் தரத்துக்காக எழுதப்பட்ட விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இன்னொரு மாற்றம் 2025 ஜூன் 16 முதல் வந்தது. பணம் அனுப்பும் கோரிக்கைக்குப் பதில் தர இருந்த 30 விநாடி அவகாசம் 15 விநாடி ஆனது. 'யுபிஐ இனி இருமடங்கு வேகம்' என்ற மாதிரிச் செய்திகள் வந்தன. வேகம் ஒரு பக்க விளைவு. முக்கியமான பலன் வேறு, அதற்கு ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும்.

வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஒரு விதி உண்டு: அமைப்புக்குள் சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது, விநாடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் உள்ளே எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பதால் பெருக்கினால் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. விநாடிக்குச் சராசரியாகச் சுமார் 7,500. ஒவ்வொன்றும் ஒரு விநாடியில் முடிந்தால் உள்ளே 7,500 தான் இருக்கும். எல்லாம் மாட்டிக்கொண்டு 30 விநாடியும் காத்திருந்தால்? இரண்டேகால் லட்சம். ஒவ்வொன்றும் நினைவகத்தில் ஓர் இடத்தையும், ஒரு கனெக்ஷனையும் பிடித்துக்கொண்டு நிற்கும். அவகாசத்தைப் பாதியாக்கினால் அந்த உச்சமும் பாதியாகிறது. யாரோ ஒரு வங்கி தூங்கினால் அதற்காக மற்ற எல்லோருடைய இடத்தையும் எவ்வளவு நேரம் அடைத்து வைப்பது என்ற கேள்விக்கான விடைதான் டைம்அவுட்.

எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், ஒரு கூட்டாளி வங்கி மெதுவான இரவில், "அண்ணா, டைம்அவுட்டை அறுபதாக்கிடலாமா? எரர் குறையும்ல?" என்று கேட்டான். பெரும்பாலானோருக்கு முதலில் தோன்றுவது இதுதான். "எரர் குறையும் தம்பி. கொஞ்ச நேரத்துல நாமளே இருக்க மாட்டோம்" என்றார் எங்கள் மூத்தவர். பிறகு இருவரும் உட்கார்ந்து மேலே சொன்ன பெருக்கலை எங்கள் எண்களை வைத்துப் போட்டார்கள். அறுபது பத்தாகக் குறைந்தது.

குறைத்தால் மட்டும் போதாது, பங்கிட வேண்டும். மேலே இருப்பவர் 15 விநாடி காத்திருப்பார் என்றால், அடுத்தடுத்த கட்டங்களுக்கு அந்த 15தான் மொத்தக் கையிருப்பு. முதல் கட்டம் ஆறு விநாடியைத் தின்றுவிட்டால், "மீதி ஒன்பதுதான்" என்று கோரிக்கையோடு சேர்த்து அனுப்ப வேண்டும். சர்வர்கள் ஒன்றையொன்று கூப்பிட உதவும் கூகுளின் ஜிஆர்பிசி இந்த ஏற்பாட்டோடே வருகிறது. இப்படி அனுப்பாமல், ஒவ்வொரு அடுக்கும் தன் இஷ்டத்துக்கு ஒரு டைம்அவுட் வைத்திருக்கும் அமைப்புகளே அதிகம். மேலே பத்து, கீழே முப்பது என்று வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டவர் கைவிட்டுப் போன பிறகும் கீழே இருபது விநாடி வேலை நடக்கும். யாருக்கும் பயன்படாத வேலை. பணத்தில் அது இன்னும் மோசம்: மேலே 'தோல்வி' என்று காட்டிவிட்ட பிறகு கீழே கணக்கிலிருந்து பணம் எடுபடும். அதைத் திருப்பித் தர ஒரு தனி ஓட்டம் ஓட வேண்டும்.

திருப்பித் தருவது பற்றி ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையைப் பாராட்டாமல் என்னால் மேலே போக முடியாது. யுபிஐயில் உங்கள் கணக்கில் பணம் எடுபட்டு, பெறுபவர் கணக்கில் வரவாகாவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வியாபாரிக்குச் செலுத்தியதில் உறுதிச் செய்தி போகாமல் நின்றால் ஐந்து நாள் அவகாசம், அதன் பிறகு அதே 100 ரூபாய். வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திராமல் வங்கியே வரவு வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கிளவுட் நிறுவனங்களின் ஒப்பந்தங்களை இதோடு வைத்துப் பாருங்கள். அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை ஒரு மாதத்தில் 99.9 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பில்லில் 10 சதவீதத்தில் தொடங்கும் ஒரு கழிவு கிடைக்கும், அதையும் நீங்கள்தான் ஆதாரத்தோடு கேட்டு வாங்க வேண்டும். உங்கள் வியாபாரம் நின்றதால் போன பணத்துக்கும் அந்தக் கழிவுக்கும் சம்பந்தமே இருக்காது. எஸ்எல்ஏ என்ற சொல் இரண்டுக்கும் பொது. ஆனால் ஒன்று சாதாரண மனிதரின் பக்கம் நின்று எழுதப்பட்டது.

எதை அளப்பது என்பது அடுத்த தலைவலி. சராசரியை அளப்பவர்கள் ஏமாறுவார்கள். டைனமோ என்ற தன் தரவுக் களஞ்சியம் பற்றி அமேசான் 2007இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கு இருக்கிறது: விநாடிக்கு 500 கோரிக்கைகள் வரும் உச்ச நேரத்திலும், 99.9 சதவீதக் கோரிக்கைகளுக்கு 300 மில்லிவிநாடிக்குள் பதில். ஏன் சராசரி வேண்டாம்? நீண்ட காலமாக வாங்கி வருபவர்களின் வரலாறு நீளம், அதை அலச அதிக நேரமாகும். அதாவது மெதுவான அனுபவம் போய்ச் சேர்வது மிகவும் விசுவாசமான வாடிக்கையாளர்களிடம். சராசரி அவர்களை மறைத்துவிடும்.

ஆறு ஆண்டுகள் கழித்து கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் எழுதியதில் வரும் கணக்கு இன்னும் திகைக்க வைப்பது. ஒரு சர்வர் வழக்கமாக 10 மில்லிவிநாடியில் பதில் சொல்கிறது, நூற்றில் ஒரு முறை மட்டும் ஒரு விநாடி எடுக்கிறது. நல்ல சர்வர்தானே? ஆனால் ஒரு பக்கத்தைக் காட்ட இப்படிப்பட்ட 100 சர்வர்களிடம் ஒரே நேரத்தில் கேட்டு, எல்லாப் பதிலும் வந்த பிறகே காட்ட முடியும் என்றால், 63 சதவீதப் பயனர்கள் ஒரு விநாடிக்குமேல் காத்திருப்பார்கள். அரிதானது வழக்கமாகிவிடுகிறது. அவர்கள் சொன்ன தீர்வு: கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதே கேள்வியை இன்னொரு நகல் சர்வரிடமும் கேட்பது, முதலில் வரும் பதிலை எடுத்துக்கொள்வது. கூகுளின் பிக்டேபிள் தரவுக் களஞ்சியத்தில் 10 மில்லிவிநாடி பொறுத்த பிறகு இரண்டாவதாகக் கேட்டபோது, 99.9ஆவது சதமான நேரம் 1,800 மில்லிவிநாடியிலிருந்து 74க்கு இறங்கியது. கூடுதல் கோரிக்கைகள் வெறும் 2 சதவீதம்.

மேலே கேட்காதே என்றேன், இங்கே இரண்டு முறை கேள் என்கிறேன். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை. அந்த 2 சதவீதம்தான் விஷயம்: எவ்வளவு கூடுதலாகக் கேட்போம் என்பதற்கு முன்கூட்டியே ஒரு வரம்பு இருக்கிறது. எல்லாமே மெதுவாகும் நாளில் அந்த வரம்பு இல்லாவிட்டால், இந்தத் தீர்வும் ஏப்ரல் 12 போலவே முடியும். இன்னொன்று, இது வாசிப்புக்கு மட்டும். பணம் எடுப்பதை இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு முதல் பதிலை எடுத்துக்கொள்ள முடியாது.

எங்கே நின்று அளக்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். 2017 பிப்ரவரி 28 அன்று எஸ்3 விழுந்தபோது, அமேசானின் சேவை நிலைப் பக்கத்தையே சிறிது நேரம் மாற்ற முடியவில்லை, ஏனெனில் அந்தப் பக்கத்தின் நிர்வாகமும் எஸ்3யைச் சார்ந்திருந்தது. யுபிஐயில் என்பிசிஐ வங்கிவாரியாக மாதந்தோறும் தோல்வி விகிதத்தை வெளியிடுகிறது. தப்பான பின் நம்பர், போதாத இருப்பு போன்றவை பிசினஸ் டிக்லைன். அமைப்பின் கோளாறு டெக்னிக்கல் டிக்லைன். பெயரோடு பட்டியல் வெளிவருவது, எந்த அபராதத்தையும்விட வங்கிகளை நகர்த்தும் என்று நான் நம்புகிறேன். ஆனால் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்து அலுத்து, ஆப்பை மூடிவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தவர் எந்தப் பட்டியலில் வருவார்? அவரை எண்ண வேண்டுமென்றால் அளவுகோல் அவர் போனுக்குள் இருக்க வேண்டும்.

தேவைக்குமேல் நன்றாக இருப்பதிலும் ஆபத்து உண்டு என்பதைக் கூகுளின் சப்பி கதை காட்டுகிறது. சப்பி என்பது அவர்களுடைய பூட்டுச் சேவை. அது விழுவதே அரிது என்பதால், மற்ற அணிகள் அது விழவே விழாது என்று நினைத்துத் தங்கள் சேவைகளைக் கட்டிவிட்டார்கள். அதனால் ஒரு காலாண்டில் சப்பி இயல்பாகவே தன் இலக்குக்குக் கீழே போகாவிட்டால், திட்டமிட்டு அதைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க ஆரம்பித்தார்கள். சார்ந்திருப்பவர்களின் பலவீனம் அப்போதே தெரிந்துவிடும். யுபிஐயை இப்படி நிறுத்தச் சொல்லும் பைத்தியக்காரத்தனம் எனக்கில்லை. ஆனால் உள்ளுக்குள் இருக்கும் சேவைகளில் இதைச் செய்யத் துணிந்த அணிகளைப் பார்த்தால் மரியாதை வருகிறது.

சங்கிலியைச் சுருக்குவது எல்லாவற்றிலும் நல்ல வழி. 2022 செப்டம்பரில் வந்த யுபிஐ லைட்டின் சூட்சுமமே அதுதான். சின்னத் தொகைகளுக்கு ஒவ்வொரு முறையும் வங்கியின் மூல அமைப்பைத் தட்ட வேண்டியதில்லை. முன்பே எடுத்துவைத்த தொகையிலிருந்து கழியும். வரிசையிலிருந்து ஒரு தரப்பு விலகினால், பெருக்கலில் ஓர் எண் குறைகிறது, மௌனமாகக்கூடிய இடமும் ஒன்று குறைகிறது.

எனக்கு இன்னும் திருப்தி வராத ஓர் இடம் இருக்கிறது. மூன்று முறைதான் கேட்கலாம் என்று சுற்றறிக்கையில் எழுதுவது ஒன்று, நான்காவது கேள்வியை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வரம்பு நிரலில் இருப்பது இன்னொன்று. கேட்பவர் ஒழுங்காக நடப்பார் என்ற நம்பிக்கையில் மையம் நிற்கக் கூடாது. தாங்காது என்று தெரிந்த கணமே "இப்போது முடியாது" என்று ஒரு மில்லிவிநாடியில் சொல்வது, வாங்கி வைத்துக்கொண்டு 15 விநாடி கழித்துக் கைவிரிப்பதைவிட எல்லோருக்கும் நல்லது. திருப்பி அனுப்பப்பட்டவர்களும் சரியாக ஒரே விநாடியில் கும்பலாகத் திரும்பி வராமல், ஒவ்வொருவரும் கொஞ்சம் முன்பின்னாக வரும்படி நேரத்தைச் சிதறடிக்க வேண்டும்.

இந்த வேலையில் இருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் டாஷ்போர்டின் முதல் வரிசையில் லேட்டன்சிக்கும் எரர் விகிதத்துக்கும் பக்கத்தில் இன்னொரு கோடு வரையுங்கள்: நூறு பரிவர்த்தனைக்கு எத்தனை விசாரிப்பு, எத்தனை மறுமுயற்சி. மற்ற இரண்டும் அமைதியாக இருக்கும்போதே அது மேலே ஏறத் தொடங்கும். அலர்ட்டை அதற்கு வையுங்கள்.